விளாவாத தண்ணீர்

அன்பு மகனுக்கு,

மலைக்குடில் ஒன்றின் மூலையில், கம்பளிக்குள் தலையை நுழைத்துக்கொண்டு உன் அம்மா எழுதுவது. இங்கே நானும் என் இரண்டு கால் கொப்புளங்களும் சுகம். அங்கே நீ, உன் ரோடு ரோலர், உன் வயிறு மூன்றும் எப்படி இருக்கின்றன என்று உடனே எழுது, வயிற்றைப் பற்றி முதலில் எழுது. வீட்டில் என் மருமகள் சுகம், அதாவது என்னைப் பெற்றவள். பள்ளி திறக்கிற நேரத்து நெரிசல் முடிந்து, யூனிஃபார்ம் கடையில் இப்போதுதான் இடுப்பை நிமிர்த்துகிறாள். தையல் மிஷினின் மிதி கழன்றதை அவளே கம்பி வைத்துக் கட்டிவிட்டாள், ஆக நீ வந்துதான் சரி செய்ய வேண்டும் என்று ஒதுக்கி வைத்திருந்த வேலைகளில் ஒன்று குறைந்தது, குளியலறைக் குழாயின் ஒழுகல் மட்டும் உனக்காகக் காத்திருக்கிறது. என் பேரன், அதாவது தம்பி வாலுவுக்கு முன்பல் விழுந்துவிட்டது, இரண்டு நாளாகச் சிரிக்காமல் திரிகிறான், அப்பாவுக்குப் போட்டோ எடுத்து அனுப்பட்டுமா என்று கேட்டால் தலையணையால் முகத்தை மூடிக்கொள்கிறான்.

இந்தத் தாள் யார் கையிலாவது சிக்கினால், ஒன்பதாவது படிக்கிற ஒருத்தி தன் அப்பாவை மகனே என்று எழுதியிருப்பதைப் பார்த்து, மலைக்காற்றில் இவளுக்கு மூளை கழன்றுவிட்டது என்றுதான் பேசுவார்கள். அதனால்தான் கம்பளி, அதனால்தான் டார்ச்சைக் கைக்குட்டையால் சுற்றி வெளிச்சத்தைக் குறைத்து வைத்திருக்கிறேன். அவர்களுக்கு என்ன தெரியும். நீ ரோடு போடும் இடத்திலிருந்து காய்ச்சலும் வயிற்றுப்போக்குமாக வீட்டுக்கு வந்து விழுந்த அந்த மழைக்காலத்தில், ஸ்பூனால் கஞ்சி ஊட்டினது நான், வேண்டாம் வேண்டாம் என்று நீ சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டபோது அதட்டினதும் நான். "சரி அம்மா, குடிக்கிறேன் அம்மா, அடிக்காதே அம்மா"ன்னு நீங்கள் சிரிக்கப் பார்த்தீர்கள், சிரிக்கக்கூட முடியவில்லை. பார், நீங்கள் என்று எழுதிவிட்டேன். கடிதத்தில் மட்டும் நான் அம்மா, நீ பிள்ளை, கடிதத்தில் மட்டும் உன்னை நீ என்று சொல்லலாம் என்பதுதானே நம் ஒப்பந்தம். ஆனால் இன்றைக்குக் கொஞ்சம் பயமாக இருக்கிறது, பயம் வந்தால் அப்பா என்றுதான் வருகிறது, கண்டுகொள்ளாதே.

பயம் ஒரு பக்கம் இருக்கட்டும், முதலில் நல்ல சேதி. இன்றைக்கு உன் அம்மா ஜெயித்துவிட்டாள். எப்படி என்று ஆரம்பத்திலிருந்து சொன்னால்தான் உனக்கு விளங்கும். பள்ளியில் கிளம்புவதற்கு முன்பே வேலைகளைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்தார்கள். ஒருத்திக்கு மருந்துப்பெட்டி, ஒருத்திக்கு வரைபடம், ஒருத்திக்குக் கயிறு, எல்லாம் பெயர் சொல்கிற மாதிரி வேலை. எனக்கு வந்த சீட்டில் "தண்ணீர்" என்று இருந்தது. வகுப்பே கொல்லென்று சிரித்தது. எங்கள் கூட்டத்தில் கழுத்து நீண்ட ஒருத்தி இருக்கிறாள், ஓட்டப்பந்தயத்தில் முதலில் வருவாள், அவளை எல்லோரும் ஒட்டகம் என்போம், அவளுக்கே அந்தப் பெயரில் பெருமைதான். அவள், "இவகிட்ட ஜாக்கிரதையா இருங்கடி, இவ தண்ணி கேஸு" என்றாள். அன்றிலிருந்து என் பெயர் தண்ணி. "தண்ணி, நோட்டு குடு", "தண்ணி, தள்ளி உக்காரு." நானும் சிரித்தேன். ஆனால் உள்ளுக்குள் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் மலைக்குக் கிளம்பின பன்னிரண்டு பேரிலேயே தண்ணீர் என்றால் என்ன என்று கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள் நான் ஒருத்திதான். அந்த வருஷம் பரீட்சை முடிந்ததும் இதே மலைக்கு நாம் இரண்டு பேரும் ஏறுவதாக இருந்தோம். நீ பழைய ஷூவுக்குப் புது அடிப்பாகம்கூடப் போட்டு வைத்திருந்தாய். வேலை செய்கிற இடத்துக்குப் பக்கத்தில் ஓடிய ஓடையில், பளிங்கு மாதிரி இருக்கிறதே என்று இரண்டு கை அள்ளிக் குடித்ததில் எல்லாம் போனது. காய்ச்சலில் உடம்பு விட்டுப்போனதால் டாக்டர் உன்னை மேடு ஏறவே கூடாது என்றார், கம்பெனி உன்னைச் சமவெளிக்கு மாற்றிவிட்டது, ஷூ மட்டும் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. அதனால் நாளைக்கு நான் உச்சிக்குப் போவது எனக்காக மட்டும் இல்லை. உனக்கு ஒரு கல் எடுத்து வருவதாகச் சொல்லியிருக்கிறேன்.

என் மருமகளிடம் சீட்டைப் பற்றிச் சொன்னதும் அவள் சிரிக்கவில்லை. கடையில் மீந்த வெள்ளைச் சட்டைத்துணியை நாலு மடிப்பாக மடித்து, வாய் அகலமான ஒரு பை தைத்துக் கொடுத்தாள், "இது அழுக்கத்தான் வடிகட்டும், கிருமிய இல்ல, வடிகட்டிட்டோம்னு நெனச்சுக் குடிச்சுத் தொலையாதீங்க" என்றாள். மருந்துக்கடையில் குளோரின் மாத்திரை ஒரு பட்டை வாங்கி மேல்பையில் வைத்தாள். போட்ட உடனே குடிக்கக்கூடாது, அரைமணி நேரமாவது இருக்கணும், தண்ணீர் சில்லென்று இருந்தால் இன்னும் கூட நேரம் விடணும், கலங்கின தண்ணீரில் போட்டால் மாத்திரை அழுக்கோடு மல்லுக்கட்டிவிட்டுக் கிருமியை விட்டுவிடும் என்று கடைக்காரர் சொன்னதை என்னை இரண்டு தடவை திருப்பிச் சொல்ல வைத்தாள். அந்த மாத்திரை உச்சிக்கு ஏறும்போது அடுப்பு தூக்க முடியாது என்பதற்காக, இங்கே கொதிக்க வைப்பதுதான் கணக்கு.

எங்களை அழைத்து வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் விளையாட்டு சார், கழுத்தில் எப்போதும் விசில், அதனால் விசில் சார், பேசுவதைவிட ஊதுவது அதிகம். இன்னொருவர் கணக்கு டீச்சர், தங்கமானவர், கால் வலிக்கிறது என்று யாராவது சொன்னால் தன் கால் வலிக்கிற மாதிரி முகம் வைத்துக்கொள்வார். காலையில் கிளம்பி மதியம் தாண்டிக் குடிலுக்கு வந்து சேர்ந்தோம். வரும்போதே பாட்டில்கள் எல்லாம் காலி. குடிலுக்குள் தொட்டியும் குழாயும் உண்டு என்று சொல்லியிருந்தார்கள், குழாயைத் திறந்தால் உஸ் என்று காற்றுதான் வந்தது, உள்ளே ஒரு செத்த பூச்சி விழுந்தது. மேலே எங்கேயோ குழாய் அடைத்திருக்கிறது அல்லது கழன்றிருக்கிறது. குடிலுக்குப் பின்னால் ஓடை. நீ பார்த்திருக்க வேண்டும், அடியில் கிடக்கிற கூழாங்கல்லின் வரி தெரிகிறது, அப்படி ஒரு சுத்தம். ஒட்டகம் ஓடிப்போய்க் குனிந்தாள். நான் கத்தினேன். "ஏய் தண்ணி, தண்ணிக்கே நீ சொந்தக்காரியா?" என்றாள், ஆனால் குடிக்கவில்லை, கையைக் கழுவிக்கொண்டு வந்துவிட்டாள்.

பெரிய அலுமினியப் பாத்திரத்தின் வாயில் துணிப்பையைக் கட்டி ஓடைத்தண்ணீரை வடிகட்டினேன், கேஸ் அடுப்பில் ஏற்றினேன். சுற்றிச் சுற்றி வந்து எட்டிப் பார்த்தார்கள், சின்னச் சின்னக் குமிழி வந்ததுமே "கொதிச்சாச்சு, கொதிச்சாச்சு" என்று கைதட்டினார்கள். இல்லை, தளதளவென்று புரளணும், உயரமான இடத்தில் தண்ணீர் சூடு குறைவாகவே கொதித்துவிடும், அதனால் புரள ஆரம்பித்த பிறகு கீழே விடுவதைவிட அதிக நேரம் விடணும் என்றேன். யாரிடமும் கடிகாரம் கேட்க வெட்கம், காலை அசெம்பிளிப் பாட்டை மனசுக்குள் மூன்று தடவை பாடினேன், நம் பள்ளிப் பாட்டு அவ்வளவு நீளம் என்பதில் முதல் தடவையாக ஒரு பிரயோஜனம். அடுப்பை அணைத்து மூடி வைத்துவிட்டு, பாட்டில் மூடிகளின் மரைக்குள் அழுக்கு இருக்குமே என்று அவற்றைக் கழுவ ஒரு கிண்ணம் வெந்நீரோடு வெளியே போனேன். போனது அவ்வளவு நேரம்தான், அப்பா. திரும்பி வருகிறேன், பாத்திரத்தின் மூடி கீழே கிடக்கிறது, பன்னிரண்டு டம்ளரும் வரிசையில் நிற்கிறது, கணக்கு டீச்சர் ஒரு மக் ஓடைத்தண்ணீரைக் கவிழ்த்துவிட்டு, "பாவம் குழந்தைங்க, நாக்கு வறண்டு போச்சு, இவ்வளவு சூட்ட எப்படிக் குடிப்பீங்க, கொஞ்சம் பச்சத்தண்ணி விட்டு விளாவிட்டேன், இப்பக் குடிக்கலாம்" என்கிறார்.

விளாவிவிட்டார். குளிக்க வெந்நீர் விளாவுகிற மாதிரி. நம் வீட்டில்கூட ஒவ்வொரு நாளும் யாராவது செய்வதுதான், கை தானாகவே போகும், சூடாக இருந்தால் பக்கத்து வாளியிலிருந்து ஒரு மக். ஒட்டகத்தின் கையில் டம்ளர் உதடுவரை வந்துவிட்டது. நான் என்ன செய்தேன் என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. அவள் கையைத் தட்டிவிட்டேன், டம்ளர் உருண்டது, அப்புறம் பாத்திரத்தைத் துணியால் பிடித்து வாசலுக்கு இழுத்துப்போய் அவ்வளவையும் கொட்டிவிட்டேன். மண் சர்ரென்று குடித்துவிட்டது. அப்புறம் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். "பைத்தியமாடி உனக்கு", "அரைமணி நேரமா வாயில எச்சில்கூட இல்லாம உக்காந்திருக்கோம்", "டீச்சர் கலந்தத கொட்டுறா பாரு, திமிரு." டீச்சர் கையில் மக்கோடு நின்றதைப் பார்த்துத்தான் எனக்கு அழுகை வந்தது. விசில் சார் வந்தார். விசிலை ஊதினார், எல்லோரும் அடங்கினோம். "அடுப்புல இருக்கறது ஒரே சிலிண்டர், நாளைக்கு வரைக்கும் சமைக்கணும், அதுல காய்ச்சின தண்ணிய கொட்டுறதுன்னா என்ன அர்த்தம்? டீச்சர் குடுத்தத கொட்டுற அளவுக்கு நீ பெரிய ஆளாயிட்டியா?" என்றார். எப்படியோ ஒரு வாக்கியம் வந்தது. "பச்சத்தண்ணி விட்டா அது மறுபடியும் பச்சத்தண்ணிதான் சார்." அதைக் கேட்டு ஒட்டகம் களுக்கென்று சிரித்தாள், சாருக்கு அதில்தான் கோபம் ஏறியது. "நாளைக்கு நீ உச்சிக்கு வர வேண்டாம். டீச்சரோட இங்கயே இரு." அவ்வளவுதான். கல், ஷூ, நீ, எல்லாம் அந்த ஒரு வார்த்தையில் போய்விட்டது.

ஆனாலும் பொறுப்பு என் பொறுப்புதானே, அதை அவர் பிடுங்கவில்லை. கேஸ் வேண்டாம் சார், சுள்ளி பொறுக்கி வெளியில் மூட்டிக்கொள்கிறேன் என்றேன். "என்னவோ பண்ணு, நான் மேல போய்க் குழாயச் சரி பண்றேன், குழாய்ல தண்ணி வந்துட்டா உன் சமையலே தேவையில்ல" என்று கம்பியும் குறடும் எடுத்துக்கொண்டு ஓடையோரமாக ஏறிப்போனார். நான் மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டினேன். ஈரச்சுள்ளி, ஒரே புகை, கண் எரிந்து அழுவது புகையாலா இல்லையா என்று யாருக்கும் தெரியாமல் போனது ஒரு வசதி. யாரும் உதவிக்கு வரவில்லை. ஒட்டகம் மட்டும் கொஞ்ச நேரம் கழித்து ஒரு கட்டைச் சுள்ளியைக் காலால் தள்ளிவிட்டுவிட்டு எங்கேயோ பார்த்துக்கொண்டு போனாள். கொதித்தது, புரண்டது, பாட்டு மூன்று தடவை பாடினேன், இறக்கி மூடிவைத்து, மூடிமேல் கையை வைத்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்தேன். இந்த முறை இமைக்கவே இல்லை. பதினொரு பேர் என்னைச் சுற்றி உட்கார்ந்து, காய்ந்த உதட்டோடு என்னையே பார்த்தார்கள். வாழ்க்கையில் இவ்வளவு பேர் ஒரே நேரத்தில் என்னை வெறுத்ததில்லை.

அப்போது விசில் சார் இறங்கி வந்தார். ஷூ நனைந்திருந்தது. முகம் ஒரு மாதிரி இருந்தது. நேராகப் போய் சோப்பு எடுத்தார், முழங்கை வரைக்கும் தேய்த்தார், மறுபடியும் தேய்த்தார். என்னிடம் வந்து, "இது எந்தத் தண்ணி?" என்றார். பின்னால் ஓடுகிற ஓடைத்தண்ணீர்தான் சார், காய்ச்சினது என்றேன். துணியை எடுத்தார், பாத்திரத்தைத் தூக்கினார், வாசலில் போய் அவரே கொட்டினார். ஐயோ என்று எல்லோரும் கத்திவிட்டார்கள், டீச்சர் உட்பட. அவர் காலிப் பாத்திரத்தோடு திரும்பி, "மேல ஒரு ஆடு செத்து ஓடைக்குள்ள கெடக்குது. ஊதிப்போய், குழாய் வாயிலயே சிக்கியிருக்கு. அதனாலதான் குழாய்ல தண்ணி வரல. இவ கொதிக்க வச்சதனால இது உங்கள ஒண்ணும் பண்ணியிருக்காது. ஆனா அதத் தொட்ட கையால இத உங்களுக்குக் குடுக்க என்னால ஆகாது" என்றார். முதலில் நான் கொட்டின இடத்தில் மண் இன்னும் ஈரமாக இருந்தது, அவர் அதையே பார்த்தார். பிறகு மெதுவாக, "அந்த மொதப் பாத்திரத்துல எவ்வளவு பச்சத்தண்ணி விட்டீங்க டீச்சர்?" என்றார். "ஒரே ஒரு மக் சார்" என்றார் டீச்சர். ஒட்டகம் வாயைப் பொத்திக்கொண்டு ஓரமாக ஓடினாள், அவள் குடிக்கவில்லை, நினைத்துப் பார்த்ததற்கே குமட்டிவிட்டது.

டீச்சர் வந்து என் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்துவிட்டார். என் கையைப் பிடித்துக்கொண்டார். "என் பொண்ணுக்குக் குளிப்பாட்ட தெனமும் விளாவுறேன்ல, அந்தக் கைதான் இது, யோசிக்கவே இல்லம்மா" என்றார். பிறகு எல்லோரையும் பார்த்து, வகுப்பில் போர்டு முன்னால் நிற்கிற குரலில், "எவ்வளவு பெரிய எண்ணா இருந்தாலும் பூஜ்யத்தால பெருக்கிட்டா என்ன வரும்?" என்று கேட்டார். பழக்கதோஷம், எல்லோரும் சேர்ந்து "பூஜ்யம் டீச்சர்" என்றார்கள். "அதான் நான் பண்ணினது. ஒரு மக் பூஜ்யம்" என்றார். அப்பா, அந்த நேரத்தில் நான் மலையைவிட உயரமாக இருந்தேன்.

அதற்குப் பிறகு நடந்ததை நீ பார்த்திருந்தால் ரோலரை நிறுத்திவிட்டுக் கைதட்டியிருப்பாய். ஓடைக்குச் சம்பந்தமில்லாமல் மேலே பாறைச் சுவரிலிருந்து தனியாக ஓர் ஊற்று வடிகிறது என்று சார் பார்த்து வந்திருந்தார். பாத்திரம், பாட்டில், குக்கரின் அடிப்பாகம், எது இருந்ததோ அதை எடுத்துக்கொண்டு எல்லோரும் ஏறினோம். செங்குத்தான இடத்தில் வரிசையாக நின்று கைக்குக் கை மாற்றினோம். "ஊத்து நல்லாத்தான இருக்கு, பாறைக்குள்ள இருந்து வருது, இத அப்படியே குடிக்கலாம்ல?" என்று ஒருத்தி கேட்டாள், நான் பதில் சொல்வதற்குள் ஒட்டகம், "வாய மூடுடி, தண்ணி சொல்றவரைக்கும் தண்ணி கெடையாது" என்று அதட்டினாள். சிலிண்டர் போனால் போகட்டும் என்று சாரே கேஸ் அடுப்பைப் பற்றவைத்துக் கொடுத்தார். புரண்டு கொதிக்க ஆரம்பித்ததும் அசெம்பிளிப் பாட்டை இந்த முறை நான் மனசுக்குள் பாட வேண்டியிருக்கவில்லை, ஒட்டகம் கரண்டியை ஆட்டி ஆட்டி நடத்த எல்லோரும் மூன்று தடவையும் உரக்கப் பாடினார்கள், மூன்றாவது தடவை சாரும் சேர்ந்துகொண்டார், அவருக்கு இரண்டாவது சரணம் தெரியவில்லை, விசிலால் சமாளித்தார்.

இனிமேல் ஆற வேண்டுமே. எல்லோரும் பாத்திரத்தைப் பார்க்கிறார்கள், என்னைப் பார்க்கிறார்கள். டீச்சர் தன் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். அப்போதுதான் எனக்கு உன் டீ நினைவு வந்தது. காலையில் நீ வேலைக்கு ஓடுகிற அவசரத்தில் இரண்டு டம்ளரை எடுத்து, கை எட்டுகிற உயரத்திலிருந்து ஒன்றிலிருந்து ஒன்றுக்கு ஊற்றி ஊற்றி ஆற்றுவாயே, சட்டையில் ஒரு சொட்டுச் சிந்தாமல். காய்ச்சின வெந்நீரில் டம்ளர்களைக் கழுவினேன், இரண்டு பேருக்கு ஒரு ஜோடி கொடுத்தேன், மாற்றி மாற்றி ஆற்றுங்கள் என்றேன். பன்னிரண்டு பெண்கள், இரண்டு வாத்தியார்கள், ஒரு குடிலுக்குள் வரிசையாக நின்று வெந்நீரை டீ மாதிரி ஆற்றுகிறோம். தரையெல்லாம் ஈரம், ஒருத்தி விரலில் ஊற்றிக்கொண்டு அலறினாள், ஒட்டகம் தலைக்கு மேலே தூக்கி ஆற்றிக் காட்டுகிறேன் என்று தன் தோளுக்கே அபிஷேகம் செய்துகொண்டாள். கொதித்த தண்ணீருக்கு ஒரு சப்பென்ற ருசி இருக்குமே, ஆற்ற ஆற்ற அதுகூடப் போய்விட்டது. முதல் டம்ளரை ஒட்டகம் என் முன்னால் நீட்டினாள். "நீ மொதல்ல குடி தண்ணி, நீ சாகலன்னா நாங்க குடிக்கிறோம்" என்றாள். குடித்தேன். கொஞ்சம் புகை வாசனை, கொஞ்சம் அலுமினிய வாசனை. இதைவிட ருசியான ஒன்றை இதுவரை நான் குடித்ததில்லை.

நீ இப்போது கேட்பாய், இவ்வளவு ஜெயித்தவள் தூங்காமல் எதற்குக் கம்பளிக்குள் பயந்து கிடக்கிறாய் என்று. சாப்பாட்டுக்குப் பிறகு நாளைக்கு வேண்டிய தண்ணீரைக் காய்ச்சி, பெரிய பாத்திரத்தில் மூடி அடுப்புப் பக்கத்திலேயே வைத்திருக்கிறோம், விடிவதற்குள் தானாக ஆறிவிடும். அதற்குப் பக்கத்திலேயே ஒரு வாளி ஓடைத்தண்ணீர். அடுப்பு இருக்கிற இடத்தில் நெருப்பணைக்க ஒரு வாளி இருந்தே ஆக வேண்டும் என்பது விசில் சாரின் சட்டம், அதை நான் தொட முடியாது. வாளியில் ஒரு மக் மிதக்கிறது. நடுவில் யாராவது தாகத்தில் எழுந்து, தூக்கக் கலக்கத்தில், சூடாக இருக்கிறதே என்று ஒரு மக் எடுத்தால்? கை யோசிக்காது என்று டீச்சரே சொன்னாரே. அதனால் நான் காவல். எல்லோரும் கட்டாயம் தூங்க வேண்டும் என்பது சாரின் இன்னொரு சட்டம், அதனால் இது திருட்டுக் காவல். வெளியே காற்று கதவை உலுக்குகிறது, கூரையில் ஏதோ நடக்கிறது. ஒருத்தி இருமினாலும் எனக்கு உன் கட்டில் நினைவு வருகிறது. இன்னொன்றும் இருக்கிறது. நாளைக்கு நான் உச்சிக்கு வரலாமா கூடாதா என்று சார் சொல்லவே இல்லை. வேண்டாம் என்றது அப்படியே நிற்கிறது. நானாகக் கேட்க நாக்கு எழவில்லை.

இந்த இடத்தில் எழுத்தை நிறுத்தி டார்ச்சை அணைத்துவிட்டேன், இப்போதுதான் மறுபடி எழுதுகிறேன், கையெழுத்து கோணலாக இருந்தால் அதுதான் காரணம். யாரோ நடந்து வந்தார்கள். மரத்தரை ஒவ்வொரு அடிக்கும் முனகியது. அடுப்புப் பக்கம் போய் நின்றது அந்த உருவம். வாளியில் மக் இடிக்கிற சத்தம் கேட்டது. கத்திவிடலாம் என்று வாயைத் திறந்துவிட்டேன், அப்பா, சத்தியமாக. அதற்குள் உருவம் வாளியைத் தூக்கியது. கதவைத் திறந்து வெளியே போய்க் கொட்டியது, காலி வாளியைக் கவிழ்த்து வெளியிலேயே வைத்தது, அடுப்பைத் தொட்டுப் பார்த்துச் சில்லென்று இருக்கிறதா என்று உறுதி செய்துகொண்டது. பிறகு கழுத்திலிருந்து எதையோ கழற்றிப் பாத்திர மூடியின் கைப்பிடியில் மாட்டியது. யாராவது மூடியைத் தொட்டால் அது ஆடும், இடித்துச் சத்தம் போடும். விசில். விசில் சாரை விசில் இல்லாமல் நான் பார்த்ததே இல்லை, கழுத்து ஏதோ குறைந்த மாதிரி இருந்தது. அவர் பாத்திரத்துக்குப் பக்கத்திலேயே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். நான் மூச்சுவிடாமல் கிடந்தேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை, இருட்டைப் பார்த்தே சொன்னார். "தூங்கும்மா. இனிமே நான் பாத்துக்கறேன். காலையில உச்சிக்குப் போறப்ப தண்ணிப் பொறுப்புதான் முன்னாடி நடக்கணும், தூங்கி வழிஞ்சா எப்படி?"

மகனே, படித்தாயா? மறுபடி படி. முன்னாடி நடக்கணும் என்றார். நான் வாயைக் கம்பளியால் அடைத்துக்கொண்டு சிரித்தேன், பக்கத்தில் படுத்திருந்த ஒட்டகம் தூக்கத்தில் ஓர் உதை விட்டாள், அதுவும் இனித்தது. உச்சியில் நல்ல கல்லாகப் பார்த்து எடுக்கிறேன், உன் உள்ளங்கைக்குள் அடங்குகிற அளவில். அதை ரோலர் சீட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொள். மாத்திரை போட்ட பாட்டிலை உடனே திறக்கவிட மாட்டேன், அதற்கும் ஒட்டகம் பாட்டு நடத்துவதாகச் சொல்லியிருக்கிறாள், எத்தனை தடவை பாடணும் என்று தெரியாமல் பயப்படுகிறாள்.

இனி உனக்கு. உன் கேம்பில் லாரியில் வருகிற தண்ணீரைக் காய்ச்சாமல் தொடாதே. புரளப் புரளக் கொதிக்கவிடு, அவசரம் என்று குமிழி வந்ததும் இறக்காதே. குடத்துக்குள் கையை விடாதே, கரண்டியால் எடு. பாட்டில் மூடியைக் கழுவு. வேலை முடிந்து வரும்போது எவ்வளவு தாகமாக இருந்தாலும் பக்கத்து வாளியைப் பார்க்காதே, விளாவாதே, இரண்டு டம்ளரை எடுத்து ஆற்று, அதில்தான் உன்னை மிஞ்ச ஆள் கிடையாதே. மேடு ஏறாதே, அதற்கு நான் இருக்கிறேன். பேரனின் பல் முளைப்பதற்குள் ஒருமுறை லீவு போட்டு வா. கட்டிலுக்கு அடியில் இருக்கிற ஷூவுக்கு நான் எண்ணெய் போட்டு வைத்திருக்கிறேன், டாக்டர் சரி என்கிற நாள் வந்தால் மெதுவாக, சின்ன மேடாகப் பார்த்து, இரண்டு பேரும் போவோம், தண்ணீர் நான் தூக்குகிறேன்.

வயிறு குளிர்ந்து, கால் வலுத்து, காய்ச்சல் பக்கமே போகாமல் நூறு வருஷம் இரு என்று தலையில் கை வைத்து ஆசீர்வதிக்கிறேன், கை எட்டவில்லை, கொஞ்சம் குனி. வயிற்றைப் பற்றி முதல் வரியிலேயே எழுத மறக்காதே.

இப்படிக்கு,
விசில் காவலில் இனிமேல் தூங்கப் போகிற,
உன் அம்மா
(ஒன்பதாம் வகுப்பு, தண்ணீர்ப் பொறுப்பு)